தலைக்கு மேலே நிம்மதி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இன்னொரு சாதனை. அவனுடைய பயத்தை அலுவலக நேரத்திலேயே, பாயில் படுக்கவைத்து, வலிக்காமல் எடுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது மூன்றாவது சாதனை. முதல் இரண்டையும் செய்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதைச் செய்தது எங்கள் நிறுவனம். ஊழியர் நல அதிகாரி என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு உண்டு. தன்னடக்கம் காரணமாக இதை முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் மின்விசிறி தயாரிக்கிறோம். கூரையில் தொங்குகிற வகை. ‘எங்கள் விசிறிகளுக்கு ஊரெல்லாம் விசிறிகள்’ என்பது எங்கள் விளம்பர வாசகம். அதற்கு முன்னால் ‘உங்களுக்காக விழுந்து விழுந்து உழைக்கிறோம்’ என்று ஒரு வாசகம் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். எங்கள் உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. மின்விசிறிகள் அதை நேர்ப் பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டன.

மின்விசிறியின் தண்டைக் கூரைக் கொக்கியோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு போல்ட். கட்டைவிரல் பருமனில் இருந்த அந்த போல்ட்டை எங்கள் பொது மேலாளர் பதவிக்கு வந்த சூட்டோடு பென்சில் பருமனுக்குக் கொண்டுவந்தார். இதற்கு ‘மெலிவுத் திட்டம்’ என்று பெயர். திட்டத்தைப் பாராட்டி இயக்குநர்கள் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். நல்ல கனமான கேடயம். அதை அவர் அறைச் சுவரில் மாட்டும்போது மட்டும் ஆணியை வெளிக்கடையில் வாங்கிவரச் சொன்னார்.

மெலிந்த போல்ட்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. அவற்றை எடுத்துப் பேசுவதற்கு எங்களிடம் ஒரு பிரிவு உண்டு. முன்பு அதன் பெயர் புகார்ப் பிரிவு. புகார் என்ற சொல்லே புகாரை வரவழைக்கிறது என்பதால் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு’ என்று மாற்றினோம். மகிழ்ச்சிப் பிரிவுக்கென்று ஒரு சொல்லகராதியும் தயாரித்தோம். தயாரித்தவன் நான். அதன்படி மின்விசிறி ‘விழுந்தது’ என்று யாரும் சொல்லக்கூடாது. ‘உயரம் குறைந்தது’ என்றே சொல்ல வேண்டும். ‘தலையில் அடிபட்டது’ என்று சொல்லக்கூடாது. ‘பயனருடன் தொடர்பு ஏற்பட்டது’ என்று சொல்ல வேண்டும். போல்ட் என்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதைச் சொல்லவே கூடாது.

இந்தப் பிரிவின் தலைவி என் கூடப் பிறந்த அக்கா. அலுவலகத்தில் அவளுக்கு ‘ஹலோ அக்கா’ என்று பெயர். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால்கூட “ஹலோ, சொல்லுங்க” என்றுதான் திறப்பாள். அவ்வளவு ஈடுபாடு. கணவனை இழந்தவள். மகளை வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் குடியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கொக்கி மட்டும் இருந்தது. வயரின் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“என்னக்கா இது? நம்ம கம்பெனி ஃபேனையே கழட்டிட்டே?”

“நம்ம கம்பெனி ஃபேன்ங்கறதாலதான்டா கழட்டினேன்.”

“பாப்பா எங்க?”

“சமையக்கட்டுல படிக்கிறா. அங்க கொக்கிகூடக் கிடையாது.”

எனக்குக் காபி கொண்டுவந்தாள். தம்ளர் என் கைக்கு வந்து சேருவதற்குள் பாதி தட்டில் இருந்தது.

“சாப்பிடறியா இல்லியா? என்னக்கா இப்படி ஆயிட்டே?”

“தூக்கமே வரலடா. ‘எங்க அப்பா கட்டில் மேல விழுந்துடுச்சும்மா’ன்னு ஒரு பொண்ணு அழுவுது. நான் ‘உயரம் குறைந்ததற்கு வருந்துகிறோம்’னு படிக்கிறேன். வாய் பாட்டுக்குப் படிக்குது. கை பாட்டுக்கு நடுங்குது.”

“அது நான் எழுதின வாக்கியம்க்கா.”

“தெரியும். நல்லா விளங்குவே.”

அவள் ஆசீர்வாதத்தை ஏற்றுக்கொண்டு, மறுநாளே விஷயத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா மட்டுமல்ல, மகிழ்ச்சிப் பிரிவு முழுக்கவே மகிழ்ச்சி குறைவாகத்தான் இருந்தது. ஒருத்தி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பேசினாள். இன்னொருத்தர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேலை பார்த்தார். கேட்டால் வண்டியிலிருந்து இப்போதுதான் இறங்கினேன் என்பார், சாயங்காலமும் அதையே சொல்வார்.

பொது மேலாளர் அறையில் கூட்டம் நடந்தது. அவர், தலைமைப் பொறியாளர், நான். பிஸ்கட் வந்தது. பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்து பிஸ்கட் கிரீம் வைத்ததாக இருந்தது.

“ஏன்யா எல்லாரும் மாத்தி மாத்தி லீவு போடறாங்க?” என்றார் பொது மேலாளர்.

“பதட்டம் சார்.”

“யாருக்கு?”

“மகிழ்ச்சிப் பிரிவுக்கு சார்.”

“எதனால?”

நானும் பொறியாளரும் பிஸ்கட்டைப் பார்த்தோம். பிறகு பொறியாளர் மெல்ல வாயைத் திறந்தார்.

“சார், அந்த போல்ட்டை மறுபடியும் பழையபடி தடியா ஆக்கிட்டோம்னா...”

பொது மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“...நல்லா இருக்காதுன்னு சொல்ல வந்தேன் சார்.”

“இங்க பாருங்க. போல்ட் எங்க இருக்கு? ஊர் பூரா, வீடு வீடா, கூரை கூரையா இருக்கு. பயம் எங்க இருக்கு? நம்ம மாடியில, ஒரே ஒரு ரூம்ல இருக்கு. எதைச் சரி பண்றது சுலபம்?”

இப்படி ஒரு தர்க்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பொறியாளர் கண் கலங்கிவிட்டார். கலங்கியதற்கு அவர் வேறு காரணம் வைத்திருக்கலாம்.

பொது மேலாளரிடம் தீர்வும் இருந்தது. அவருக்கு விமானத்தில் ஏறுவதென்றால் நடுக்கம். ஒருமுறை விமானம் கிளம்பும்போது, தண்ணீர் கொடுக்க வந்த பணிப்பெண்ணின் கையைப் பிடித்தவர், இறங்கும் ஊர் வரை விடவில்லையாம். பிறகு ஓர் அம்மாவிடம் ஹிப்னோதெரபி எடுத்துக்கொண்டார். இப்போது விமானம் நகர்வதற்கு முன்பே குறட்டை விடுகிறார்.

“என் பயத்தையே எடுத்த அம்மா. இவங்க பயம் எம்மாத்திரம்? கூட்டிட்டு வாங்க” என்றார்.

அந்த அம்மா வந்தார். பருத்திப் புடவை, கண்ணாடி, ஒரு தண்ணீர் பாட்டில். ஆடும் கடிகாரமோ, சுழலும் சக்கரமோ, உற்றுப் பார்க்கும் கண்களோ ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வசியம் செய்கிறவர் வங்கி ஊழியர் மாதிரி இருந்தால் யார்தான் வசியமாவார்கள்?

மாநாட்டு அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அவர் பேசினார்.

“பதட்டம்ங்கறது கெட்ட விஷயம் இல்லைங்க. ஆபத்துன்னு உடம்பு அடிக்கிற மணி அது. நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயித்தைக் கலக்கும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகுது. சில பேருக்கு நெருப்பே இருக்காது, மணி மட்டும் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் நான் சொல்லித்தரேன். நீங்க மயங்கி விழ மாட்டீங்க. நான் பேசறது எல்லாம் கேக்கும். உங்களுக்குப் பிடிக்காத எதையும் உங்களைச் செய்ய வைக்க என்னால முடியாது.”

“ஓவர்டைம்கூடவா?” என்று பொது மேலாளர் பின்னாலிருந்து கேட்டார்.

“அதுகூடத்தான்.”

அவர் முகம் வாடியது. ஆனாலும் பெருந்தன்மையோடு நிகழ்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டுப் போனார்.

பாய்களை விரித்தோம். எல்லோரும் மல்லாந்து படுத்தார்கள். அந்த அம்மா தணிந்த குரலில், “மேல கூரையில ஏதாவது ஒரு புள்ளியைப் பாருங்க. அதையே பார்த்துக்கிட்டு இருங்க” என்றார்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேலே எங்கள் நிறுவனத்தின் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் ஹெல்மெட்காரர் புரண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் பாய்களெல்லாம் அறையின் நான்கு சுவரோரமும் ஒட்டிக்கொண்டன. நடுவில் வெறும் தரை. அதன் நடுவில் அந்த அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு?”

“நீங்களும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா” என்றாள் என் அக்கா.

அந்த அம்மா மேலே பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஃபேனை நிறுத்தலாமா?”

“முடியாதுங்க. நம்ம தயாரிப்பு மேல நாமே நம்பிக்கை இழந்த மாதிரி ஆயிடும்” என்றேன்.

“நீங்க எங்க நிக்கறீங்க?”

“வாசப்படியிலங்க.”

“ஏன்?”

“மேற்பார்வை” என்றேன்.

அவர் சுவரோரம் படுத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டார். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடச் சொன்னார். தோள் தளர்கிறது, தாடை தளர்கிறது, கை கனக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல அந்த அறையில் என்னென்னவோ தளர்ந்தன. மனதுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். எழுந்த பிறகு என்ன நினைத்தீர்கள் என்று கேட்டபோது ஒருவர் பேருந்து நிறுத்தம் என்றார், ஒருத்தி மொட்டைமாடி என்றாள், இன்னொருவர் கால்பந்து மைதானம் என்றார். கூரை உள்ள ஓர் இடத்தைக்கூட யாரும் நினைக்கவில்லை. மனித மனத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று என்று என் அறிக்கையில் எழுதினேன்.

பிறகு ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினார். வாரங்கள் போயின. பலன் கண்கூடாகத் தெரிந்தது. மேஜைக்கு அடியில் இருந்தவள் மேலே வந்தாள். ஹெல்மெட் ஆணிக்குப் போனது. அக்கா நன்றாகத் தூங்கினாள், சாப்பிட்டாள். காபியைத் தளும்பாமல் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோர் முதுகும் நிமிர்ந்திருந்தது. இதைக் கண்ட பொது மேலாளர், “பாருய்யா, போல்ட்டுல கை வைக்காமலே சரி பண்ணிட்டேன்” என்று பொறியாளரிடம் சொன்னார். இந்த வெற்றியை இயக்குநர்களுக்கு நேரிலேயே காட்டுவது என்று முடிவாயிற்று.

இயக்குநர்கள் வந்தார்கள். மகிழ்ச்சிப் பிரிவில் அரைவட்டமாக நாற்காலி போட்டோம். அழைப்பு ஒன்றை எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் இணைத்தோம். அக்கா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது.

“ஹலோ, சொல்லுங்க.”

“அம்மா, உங்க ஃபேன்தாம்மா. காலைலேருந்து கடகடன்னு சத்தம். இப்ப ஆடவும் ஆடுது. என்ன பண்றது?” ஓர் ஆண் குரல்.

“அதுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?”

“கொழந்தை தூங்குது.”

பொது மேலாளர் இயக்குநர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். அகராதிச் சொற்கள் இப்போது வரிசையாக வந்து விழும் என்று நானும் காத்திருந்தேன்.

“குழந்தையைத் தூக்குங்க” என்றாள் அக்கா. குரல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. “இப்பவே தூக்கிட்டு வெளிய வாங்க. ஃபோனை வெக்க வேண்டாம், கையிலயே இருக்கட்டும். நான் லைன்ல இருக்கேன்.”

“ஸ்விட்சை...”

“ஸ்விட்ச் அப்புறம். முதல்ல குழந்தை.”

காலடிச் சத்தம் கேட்டது. குழந்தை சிணுங்கியது. பிறகு ஒலிபெருக்கியே பிளந்துவிடும்போல ஒரு சத்தம். ஓர் இயக்குநர் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ? குழந்தை?” என்றாள் அக்கா.

மூச்சிரைப்பு மட்டும் வந்தது. பிறகு, “கையில இருக்கும்மா. கையிலதான் இருக்கு. கட்டில் உடைஞ்சு போச்சு. கொழந்தை கையில இருக்கு” என்று அந்த மனிதர் அழுதார்.

“அழுங்க, பரவாயில்ல. இது உங்க தப்பு இல்ல. நீங்க ஒழுங்காத்தான் மாட்டியிருக்கீங்க. போல்ட் ஒல்லி. எங்க தப்பு. வீட்டுல வேற எத்தனை ஃபேன் இருந்தாலும் எல்லாத்தையும் கழட்டிடுங்க. தெரிஞ்சவங்க வீட்டுலயும் சொல்லுங்க.”

வைத்துவிட்டாள். கடைசி நாற்காலியில் இருந்த வயதான இயக்குநர் மட்டும், “நல்ல குரல்வளம்” என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், மகிழ்ச்சிப் பிரிவு முழுவதுமே கொஞ்ச நாளாக இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அகராதியை யாரும் திறக்கவே இல்லை. ஹெல்மெட்காரர் அதை ஆடும் மேஜைக்கு முட்டுக்கொடுத்திருந்தார்.

பொது மேலாளர் அக்காவை அறைக்கு அழைத்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

“ஏம்மா, இயக்குநர்கள் முன்னாடி இப்படிப் பேசறியே, உனக்குப் பயமே இல்லியா?”

“இருந்துச்சு சார். நீங்கதான் எடுத்துவிட்டீங்க. ரொம்ப நன்றி சார்.”

“நான் எடுக்கச் சொன்னது ஃபேன் பயத்தை!”

“அது அப்படியேதான் சார் இருக்கு. அந்த அம்மா எதுக்குப் பயப்படறீங்கன்னு கேட்டாங்க. ஃபேன் விழுந்துடும்னு சொன்னேன். அது நியாயமான பயம், இருக்கட்டும், வேற எதுக்குன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா உங்களுக்கு சார். வேலை போயிடும், பாப்பாவை எப்படிப் படிக்க வைக்கிறதுன்னு. விழும்னு தெரிஞ்சும் சொல்ல விடாம வாயைக் கட்டினது அந்தப் பயம்தான். ரெண்டும் சேர்ந்துதான் கை நடுங்கியிருக்கு. இப்ப ஒண்ணு போயிடுச்சு. நடுக்கமும் போயிடுச்சு.”

பொது மேலாளரின் கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அடுத்து அந்த அம்மாவை வரவழைத்தார்.

“நீங்க தப்பான பயத்தை எடுத்துட்டீங்க!”

“நான் யார்கிட்டேயும் எதையும் எடுக்கலீங்க. அவங்க அமைதியானாங்க. அமைதியானதும் எது எந்தப் பயம்னு அவங்களுக்கே பிரிஞ்சு தெரிஞ்சுது.”

“என் பயத்தை எடுத்தீங்களே?”

“நீங்க ஏறுற ப்ளேன்ல போல்ட் சரியா இருந்துச்சுங்க. அதனால உங்க பயத்தைக் குறைச்சேன். இங்க நெருப்பு நிஜமா எரியுது. மணியை எப்படி நிறுத்தறது?”

“சரி, போனது போகட்டும். அந்த இன்னொரு பயத்தை மறுபடியும் வெச்சுவிட முடியுமா?”

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அதுக்கு ஹிப்னோதெரபி வேண்டாம் சார். அது உங்களுக்கே நல்லா வரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு உண்மை! மறுநாளே அக்காவையும் இன்னும் சிலரையும் வேலையைவிட்டு நீக்கினார். மிச்சமிருந்தவர்களைக் கிடங்குக்கு மாற்றினார். மாலைக்குள் கட்டடம் முழுக்கப் பயம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. பாயும் வேண்டியிருக்கவில்லை, தணிந்த குரலும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா மேஜையைக் காலி செய்யும்போது பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் அல்லவா?

“மூச்சை நல்லா இழுத்து விடுக்கா.”

“நீ விடு. உனக்குத்தான் அது நின்னு போய் ரொம்ப நாளாச்சு” என்றாள்.

இங்கேதான் எங்கள் பொது மேலாளரின் மேதைமை முழுதாக வெளிப்பட்டது. தோல்வியிலிருந்து பாடம் கற்பவர் அவர். என்னை அழைத்து, “நாம ஆளை மாத்திப் படுக்க வெச்சுட்டோம்யா. பயத்தோட ஃபோன் பண்றது யாரு? வாடிக்கையாளர்தானே? அவரைத்தானே அமைதிப்படுத்தணும்?” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தேன் குரல் கொண்ட ஒரு விளம்பரக் கலைஞரைப் பிடித்தோம். வாசகம் நான் எழுதினேன். இப்போது எங்கள் எண்ணை அழைத்தால் முதலில் புல்லாங்குழல் கேட்கும். பிறகு அந்தக் குரல் வரும்: ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். அப்படியே சாய்ந்துகொள்ளுங்கள். எங்கும் போக வேண்டாம். மேலே பாருங்கள். சுற்றுகிறது... சுற்றுகிறது... உங்கள் இமைகள் உயரம் குறைகின்றன...’ இதை முழுக்கக் கேட்ட பிறகும் யாருக்காவது குறை இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தலாம். பெரும்பாலும் யாரும் அழுத்துவதில்லை. புகார்கள் மளமளவென்று சரிந்தன. ‘நிம்மதித் திட்டம்’ என்று இதற்குப் பெயர் வைத்தோம். பொது மேலாளருக்கு இன்னொரு கேடயம் வந்தது. அந்தப் பெரிய அறையில் இப்போது நான் ஒருவன்தான் மகிழ்ச்சிப் பிரிவு. வாசற்படிக்குப் பக்கத்தில் மேஜை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அபூர்வமாக ஓர் அழைப்பு என்வரை வந்துவிட்டது. ஒரு டீச்சர்.

“சார், ஸ்கூல்லேருந்து பேசறேன். என் கிளாஸ்ல உங்க ஃபேன் ஒரு மாதிரி ஆடுது சார். பசங்க கீழ உக்காந்து பரீட்சை எழுதறாங்க. வெளிய கூட்டிட்டு வந்துடட்டுமா?”

“கூட்டிட்டு வர்றதுல என்ன சிரமம் டீச்சர்?”

“ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டுவாங்க சார். போன தடவை நான் சொன்னப்பவே, சும்மா எல்லாத்துக்கும் பயப்படாதேன்னாங்க. ஆனா ரொம்ப ஆடுது சார்.”

அந்தக் குரலிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படபடப்பு. இரைப்பு. அப்பட்டமான பதற்றம். ஹிப்னோதெரபி அம்மா சொன்ன அறிகுறிகள் ஒன்றுவிடாமல் இருந்தன.

“டீச்சர், உங்க மூச்சு எவ்வளவு வேகமா வருது, கவனிச்சீங்களா?”

“ஓடி வந்தேன் சார்.”

“அதுதான் பதட்டம். கண்ணை மூடுங்க. மெதுவா மூச்சை இழுங்க. இழுத்ததைவிட மெதுவா விடுங்க. தோளைத் தளர்த்துங்க. ஆடறது ஃபேன் இல்லை, உங்க மனசு.”

அவர் இழுத்தார், விட்டார். மறுபடியும் இழுத்தார். மூச்சு சீராகிக்கொண்டே வருவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“இப்ப எப்படி இருக்கு டீச்சர்?”

“பரவாயில்ல சார். நான்தான் சும்மா பயந்துட்டேன் போலிருக்கு.”

“நீங்க பயந்தா பசங்களும் பயப்படுவாங்க. உள்ள போய் அமைதியா உக்காருங்க.”

“சரி சார். ரொம்ப நன்றி சார்” என்றார். எங்கள் பிரிவுக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், அவள் செய்த வேலையை நான் எவ்வளவு சிறப்பாகச் செய்கிறேன் என்று சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“எந்த ஸ்கூல்டா?”

“கேக்கலக்கா. கேட்டா வீணா பதட்டப்படுவாங்க.”

“நம்பர் இருக்குமே? குடு.”

“பேசி முடிச்சதும் நம்பர் தானா அழிஞ்சுடும்க்கா. வாடிக்கையாளரோட அந்தரங்கத்தை மதிக்கிற நிறுவனம் நம்மது.”

“பரீட்சைன்னியே, நாளைக்கும் அதே கிளாஸ்லதானே உக்காருவாங்க? இன்னிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு விசாரிச்சியாடா, பாவி?”

நான் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மகளைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னாள். ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய்க் கேட்கப் போகிறாளாம். இந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது! வேலையும் போய்விட்டது, இன்னும் எதற்கு இவளுக்கு இந்தப் படபடப்பு என்று பரிதாபமாக இருந்தது. நிம்மதி என்றால் என்னவென்று அந்த டீச்சரைப் பார்த்துத்தான் இவள் கற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை.